விலாசம் எழுதாத ஆறு பேர்

தாம்பரத்திலிருந்து ஒரகடம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில், இடது பக்கம், முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஜன்னல் சீட் என்னுடையது. இருபத்து மூன்று வருஷமாக அதில்தான் போய் வருகிறேன். காலையில் முடிச்சூர் தாண்டுவதற்குள் கண் சொருகிவிடும். படப்பை கடைத்தெருவில் பஸ் நின்று நின்று ஊரும்போது பாதிக் கண் திறக்கும். அந்தத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எனக்குக் கனவாக வருவதெல்லாம் கட்டங்கள்தான். வெள்ளைக் கட்டங்கள், வரிசை வரிசையாக, அடிவானம் வரைக்கும். மற்றவர்களுக்குக் கடல் வரும், மலை வரும். எனக்கு எக்ஸெல் ஷீட் வரும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

என் வேலை அப்படி. தொழிற்சாலையில் யார் எந்த ஷிப்ட், எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார், எந்த பஸ்ஸில் வருகிறார் என்று பார்த்து ஒழுங்கு செய்வது. நான் சேர்ந்த காலத்தில் அது ஒரு நீள நோட்டில் இருந்தது. யாராவது வீடு மாறினால் பெயரை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதி, அம்புக்குறி போடுவார்கள். திங்கட்கிழமை காலையில் நாலு பேர் சேலையூரில் நின்றுகொண்டே இருப்பார்கள், பஸ் வேறு வழியில் போயிருக்கும். அதைத் தூக்கி ஷீட்டில் போட்டது நான்தான். ஃபில்டரில் சேலையூர் என்று டிக் வைத்தால் சேலையூர்க்காரர்கள் மட்டும் வந்து நிற்பார்கள், மற்றவர்கள் எங்கோ மறைந்து போவார்கள். அரை நாள் வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. மிச்சமான நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்டால், ஜன்னலுக்கு வெளியே லாரிகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நேரத்தை மிச்சம் பிடிப்பதே அதற்குத்தானே.

அந்த ஷீட்டில் ஒரு விதி உண்டு. நிறுத்தம் என்ற கட்டம் காலியாக இருந்தால், அந்த ஆள் சொந்த வண்டியில் வருகிறார் என்று அர்த்தம். அவரைப் பற்றி நான் கவலைப்பட வேண்டாம். அதனால் ஷீட்டைத் திறந்ததும் என் கை முதலில் செய்கிற காரியம், ஃபில்டர் பட்டியலின் அடியில் ‘பிளாங்க்ஸ்’ என்று இருக்கும் பாருங்கள், அதன் டிக்கை எடுப்பது. காலிக் கட்டக்காரர்கள் எல்லாரும் கண்ணிலிருந்து போய்விடுவார்கள். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவதுபோல, யோசிக்காமல் செய்வேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அச்சாகி வருவதற்கு முன்பே நான் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிட்லபாக்கத்தில் எங்கள் இரண்டாம் மாடி பால்கனி. ஏரியின் ஒரு மூலை மட்டும் தெரியும், கை அகலத்துக்கு. வெயில் ஏறாத நேரத்தில் அந்தக் கை அகலத் தண்ணீர் மங்கலாக மினுங்கும். என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கெல்லாம் பத்திரிகை வைக்க வேண்டும் என்று ஞாபகத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். நான் அடித்துக்கொண்டே வந்தேன். பெயர், உறவு முறை, ஏரியா, தெரு, போன், எத்தனை பேர், கொடுத்தாச்சா. ஏழு தலைப்பு.

“முதல்ல அக்கா,” என்றார்.

அடித்தேன். முறை: நாத்தனார். எத்தனை பேர்: ஒன்று.

“ஏரியா?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். “அக்காவுக்கு எதுக்குடி அட்ரஸு? நாலு வீடு தள்ளி.”

நானும் சிரித்துவிட்டேன். அந்தக் கட்டங்களைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போனேன்.

என் நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவிலேயே, நாலு வீடு தள்ளி, ஒரு படுக்கையறை வீட்டில் தரைத் தளத்தில் தனியாக இருக்கிறார். என் மகளை வளர்த்தது அவர். நான் ஒரகடம் பஸ்ஸில் கனவு கண்டுகொண்டு போன வருஷங்களில், மதியம் பள்ளிவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போய், சோறூட்டி, தூங்கவைத்து, எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். என் மகளுக்கு நான்தான் அம்மா. ஆனால் காய்ச்சல் வந்தால் அவள் யாரைத் தேடினாள் என்று கேட்டால், நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

பட்டியல் நூற்றுப் பதினெட்டு வீடுகளில் வந்து நின்றது. நேரில் போய்த்தான் பத்திரிகை வைக்க வேண்டும், அதுவும் இரண்டு பேரும் சேர்ந்து போய்த் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் சொன்னதாகவே கணக்கில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு இரவல் காரில் வந்து, வாசலில் இறங்காமல் ஜன்னல் வழியாகப் பத்திரிகையை நீட்டிய ஒருவரைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். ஆனால் நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கு நினைத்த நினைப்பில் போனால் பெட்ரோலும் போய் உயிரும் போய்விடும். நான் பஸ் ரூட் போடுகிறவள். ஏரியா வாரியாகப் பிரித்தேன். தூரத்தில் இருப்பவர்கள் முதலில், பக்கத்தில் இருப்பவர்கள் கடைசியில். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு ஏரியாவுக்கு டிக். கொடுத்தாச்சா என்ற கட்டத்தில் ‘ஆ’ என்று ஓர் எழுத்து அடித்தால் அந்த வரிசை முழுக்கப் பச்சையாக மாறும்படி வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, “நீ மட்டும் அந்தக் காலத்துல பொறந்திருந்தா பட்டாளத்தையே நடத்தியிருப்பே,” என்றார். கேலிதான். எனக்கு உள்ளூரப் பெருமை.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். இப்போது நினைத்தால் அவை தனித்தனி நாட்களாக ஞாபகம் வருவதில்லை. ஒரே நீளமான பகலாக வருகிறது. கேளம்பாக்கத்தில் உப்புக் காற்று, புதிதாக எழுந்த கட்டடங்களின் பதினாலாவது மாடி, லிஃப்ட் கண்ணாடியில் பட்டுப் புடவையோடு என் முகம். மேடவாக்கத்தில் ஒரு வீட்டு மீன் தொட்டி. படப்பையில் நிலத்தை விற்று மூன்று மாடி கட்டியவர்களின் கூடம், அங்கே பெரிய சோபா, அதில் நான் புதைந்து போனது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே எத்தனையோ தெருக்கள். வெற்றிலை, பாக்கு, பழம், பூ, குங்குமச் சிமிழ், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. எல்லா வீட்டிலும் அதே கேள்வி, மாப்பிள்ளை எங்கே வேலை. எல்லா வீட்டிலும் அதே காபி. வேண்டாம் என்றால் விடமாட்டார்கள், பத்திரிகை வைக்க வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது.

எல்லா வீட்டிலும் நான் சொன்னதும் ஒரே வாக்கியம்தான். “நீங்க குடும்பத்தோட முன்னாடியே வந்திருந்து, கூட நின்னு நடத்திக் குடுக்கணும்.” முதல் பத்து வீட்டில் மனசாரச் சொன்னேன். அப்புறம் அது தானாக வந்தது. வாய் சொல்லிக்கொண்டிருக்கும், மனசு அடுத்த நிறுத்தத்தில் இருக்கும்.

அந்த ஒன்றரை மாதமும் காலை ஆறரை மணிக்கு நாத்தனார் வருவார். கையில் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம். அதில் தயிர். “பால் மிஞ்சிடுச்சும்மா, உறை ஊத்தினேன்,” என்பார். கெட்டித் தயிர், புளிப்பே இருக்காது. இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு நான் வீட்டில் உறை ஊற்றுவதையே நிறுத்திவிட்டேன். வீட்டு வேலைக்கும் என்னிடம் ஒரு ஷீட் உண்டு, அதில் ‘தயிருக்கு உறை’ என்ற வரிசையை எடுத்துவிட்டேன். தினம் ஒரு வேலை குறைந்தது. தனியாக இருக்கிற ஒரு மனுஷிக்குத் தினமும் எப்படிப் பால் மிஞ்சும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் உடனே போகமாட்டார். சாப்பாட்டு மேஜையில் நான் லேப்டாப்போடு இருப்பேன், பின்னால் வந்து நிற்பார். கழுத்தில் தொங்குகிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்ப்பார்.

“எல்லாம் வரிசையா போவுதா?”

“ரொம்ப நல்லா போவுதுக்கா. இந்த வாரம் மேடவாக்கம் முடிஞ்சுது, பாருங்க.” பச்சையைக் காட்டுவேன். பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சிலேட்டை நீட்டுவதுபோல நீட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

“அடுத்தது எந்தப் பக்கம்?”

“அடுத்த ஞாயிறு சேலையூர், கேம்ப் ரோடு.”

“சரி சரி,” என்பார். கண்ணாடியைக் கழற்றுவார். போவார்.

ஆறாவது ஞாயிறு மாலை கடைசி வீட்டுக்கு ‘ஆ’ அடித்தேன். எல்லா ஏரியாவுக்கும் டிக் வைத்தேன். கை தன் பழக்கத்தில் கடைசி டிக்கை எடுத்தது. திரை முழுக்கப் பச்சை. மேலிருந்து கீழே இறங்கினேன், கீழிருந்து மேலே ஏறினேன், ஒரு வெள்ளைக் கட்டம்கூட இல்லை. ஏரிக்கரையில் மழைக்கு அப்புறம் முளைக்கிற புல் மாதிரி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

திங்கட்கிழமை காலை அவசரத்தில் பேச நேரமில்லை. செவ்வாய்க்கிழமை காலை நாத்தனார் வந்தபோது நான் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். “முடிஞ்சுதுக்கா! எல்லாருக்கும் வெச்சாச்சு. ஒருத்தர் பாக்கி இல்ல.”

“முடிஞ்சுதா?” என்றார்.

“எல்லாம் பச்சை,” என்றேன்.

அவர் அன்றைக்குக் கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லை. கிண்ணத்தை மேஜைமேல் வைத்தார், மூடி சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பார்த்தார். “நல்லதும்மா,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

புதன்கிழமை தயிர் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். வர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே உறை ஊற்றியிருப்பேனே என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கடையில் ஒரு பாக்கெட் தயிர் வாங்கி, அதைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை சீர்வரிசைத் தட்டுகளை அலங்கரிக்க நாத்தனார் வருவதாக இருந்தது. வண்ணக் காகிதமும் ரிப்பனும் அவர் கைக்கு வந்தால் தனி அழகுதான், முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டிப் பழகிய கை. பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. போன் செய்தால், “முழங்கால் வலிக்குதும்மா, நீங்களே பண்ணிடுங்க,” என்றார். கல்யாணத்துக்கு இரண்டே வாரம் இருந்தது. என் மகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்,” என்று இறங்கிப் போனாள்.

திரும்பி வந்தவள் முகம் சரியில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

“அத்தைக்கு முழங்கால்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. துணி காயப்போட்டுட்டு இருந்தாங்க. முதல் நாளே மண்டபத்துக்கு வந்துடுவீங்கல்லன்னு கேட்டேன். பாக்கலாம்மாங்கறாங்க. பாக்கலாமாம்! என் கல்யாணத்துக்கு!” அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அம்மா, அத்தைக்கு நீங்க பத்திரிகை வெச்சீங்களா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏண்டி, நூத்திப் பதினெட்டு வீடு ஏறி இறங்கியிருக்கேன், என்னைப் பாத்துக் கேக்கறியே. ஒருத்தர் பாக்கி கிடையாது. வா, காட்டறேன்.”

லேப்டாப்பைத் திறந்தேன். பச்சைப் புல்வெளி விரிந்தது.

“எங்கே அத்தை பேரு?”

தேடினேன். மேலே போனேன், கீழே போனேன். தேடுகிற பெட்டியில் பெயரை அடித்தேன். அப்படி ஒருவர் இல்லை என்று வந்தது.

“முதல்ல அடிச்ச பேருடி அது. உங்கப்பா சொல்லி முதல்ல அடிச்சேன்,” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவள் குனிந்து திரையின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள். வரிசை எண்கள் இருக்கிற ஓரம். “அம்மா, ஒண்ணுக்கு அப்புறம் ஏன் மூணு?”

ஒன்று தலைப்பு. அதற்கு அடுத்து மூன்று. ஆறு வாரமாக நான் தினமும் பார்த்த திரை. நடுவில் இரண்டைக் காணோம் என்று என் கண்ணில் படவே இல்லை.

ஃபில்டரை எடுத்தேன். பச்சைக்கு நடுவில் வெள்ளையாக ஆறு வரிசைகள் எழுந்து வந்தன. முதல் வெள்ளை, இரண்டாம் வரிசை, நாத்தனார். அப்புறம் எதிர்வீட்டு அக்கா. கீழ் வீட்டுக்காரர். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற அண்ணா. இருபத்து மூன்று வருஷமாக பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவள். அந்த பஸ்ஸின் டிரைவர். ஆறு பேருக்கும் ஏரியா கட்டம் காலி. தினமும் பார்க்கிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடிய வீடுகள், எழுதிவைக்கத் தேவையே இல்லை என்று விட்டவர்கள். கேளம்பாக்கத்தில் பதினாலாவது மாடியில் பெயர்கூடச் சரியாகத் தெரியாத தூரத்துச் சொந்தத்துக்கு மஞ்சள் தடவிய பத்திரிகை போய்விட்டது. இவர்களை நான் சொந்த வண்டியில் வருகிறவர்கள் என்று ஒதுக்கிவிட்டேன்.

“அத்தை வரலைன்னா நான் மணையில உக்கார மாட்டேம்மா,” என்றாள் மகள். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் பயமாக இருந்தது.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். “நீ குடுத்திருப்பேன்னு நெனச்சேன்.”

“நான் எப்படித் தனியா குடுப்பேன்? ரெண்டு பேரும் சேர்ந்துதானே போகணும்?”

“அக்கா தினமும் இங்கதானே இருக்கா...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பேச்சில் இருந்த தப்பு அவருக்கே கேட்டிருக்க வேண்டும்.

அன்று மாலை ஐந்து மணிக்கு நாங்கள் புறப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிய அதே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டேன். தட்டில் எல்லாம் புதிதாக வைத்தேன். பத்திரிகை உறையின்மேல் அவர் தம் அக்காவின் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். ஸ்கூட்டர் தேவைப்படாத ஒரே பயணம் அதுதான். நாலு வீடு. ஏரிப் பக்கமிருந்து சாய்ந்த வெயில் தெரு முழுக்க மஞ்சளாக விழுந்திருந்தது, கம்பத்து நிழல்கள் நீளமாகக் கிடந்தன, யாரோ வீட்டில் டிவியில் பாட்டு ஓடியது. நடக்க நடக்கத் தெரு தீரவே இல்லை. கேளம்பாக்கம்கூட அவ்வளவு தூரமாக இருந்ததில்லை.

நாத்தனார் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

“வாங்க,” என்றார்.

அவர் தம் தம்பியை ‘வாடா’ என்றுதான் கூப்பிடுவார். அறுபது வயதை நெருங்குகிற ஆளை இன்னமும் வாடா போடாதான். அந்த ‘வாங்க’வைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார்.

கூடத்தில் சுவரோரமாக இரண்டு நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தன. இரண்டிலும் இஸ்திரி போட்ட வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. முன்னால் ஒரு சின்ன முக்காலி, தட்டு வைக்கிற உயரத்தில். அவருக்கு ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு என்று எனக்குத் தெரியும். இன்னொன்றை எப்போது வாங்கினார், யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. உட்கார்ந்தோம். “இருங்க,” என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குப் போனார். பாத்திரம் ஒன்றை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நேரம் போனது. திரும்பி வந்து நிலைப்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“பால் இல்ல,” என்றார்.

“காபியெல்லாம் எதுக்குக்கா,” என்றேன்.

“அதெப்படி? பத்திரிகை வெக்க வந்தவங்களுக்குக் காபி குடுக்காம எப்படி?” குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல். “பத்திரிகை அச்சாகி வந்த நாள்லேர்ந்து தினம் ஒரு பாக்கெட் கூட வாங்கி வெச்சேன். சாயங்காலம் வருவீங்க, வருவீங்கன்னு. ராத்திரி ஆயிட்டா எடுத்து உறை ஊத்திடுவேன். செவ்வாக்கெழமை எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னியா, சரின்னு நிறுத்திட்டேன்.”

நான் மேஜையில் இருந்த கிண்ணங்களை நினைத்தேன். ஒன்றரை மாதம், காலை ஆறரை மணி, புளிக்காத கெட்டித் தயிர். நாங்கள் வந்து குடிக்காத காபிக்காக வாங்கி வைத்த பால். வராத ஒவ்வொரு மாலையையும் மறுநாள் காலை என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நான் அதைச் சோற்றில் பிசைந்து டப்பாவில் கட்டிக்கொண்டு ஒரகடம் போயிருக்கிறேன். ஒரு வேலை குறைந்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அவர் எங்களைப் பார்க்காமல் முக்காலியைப் பார்த்துக்கொண்டு பேசினார். “எனக்குன்னு யாரும் தட்டு தூக்கிட்டு வந்தது இல்ல. சொந்தத்துல எத்தன கல்யாணம்! எல்லாரும் தம்பி வூட்லயே ‘அக்காவுக்கும் சேர்த்து’ன்னு வெச்சிட்டுப் போயிடுவாங்க. நானும் போவேன், சாப்பிடுவேன், வருவேன். ஒண்ணும் நெனச்சது இல்ல. இது நான் தூக்கி வளத்த பொண்ணு. இதுக்காவது என் வாசப்படி ஏறுவாங்கன்னு நெனச்சேன். அவ்வளவுதான்.”

என் வீட்டுக்காரர், “அக்கா,” என்றார். நான் எழுந்தேன், தட்டை இரண்டு கையாலும் எடுத்தேன். ஷீட்டைப் பற்றி, ஃபில்டரைப் பற்றி, இரண்டாம் வரிசையைப் பற்றி விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று வரும் வழியில் யோசித்து வைத்திருந்தேன். அதெல்லாம் எதற்கு ஆகும்? சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். வாயைத் திறந்தேன். அது வரவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வீட்டில் தானாக வந்த வாக்கியம், முதல் சொல்லிலேயே நின்றுவிட்டது.

“சொல்லு,” என்றார் நாத்தனார். சின்ன வகுப்பு டீச்சரின் குரல். “எல்லார் வூட்லயும் சொன்ன இல்ல? எனக்கும் சொல்லு. நான் கேக்கணும்.”

சொன்னேன். “நீங்க... முன்னாடியே வந்திருந்து...” அழுகையோடு, முன்னுக்குப் பின்னாக, குடும்பத்தோடு என்ற சொல் வரும் இடத்தில் ஒரு கணம் திணறி, அப்புறம் அதையும் சேர்த்தே சொன்னேன். “கூட நின்னு நடத்திக் குடுக்கணும்கா.”

அவர் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தட்டை வாங்கினார். கழுத்திலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, உறைமேல் எழுதியிருந்த தம் பெயரை வாய்விட்டுப் படித்தார். இனிஷியலோடு முழுதாகப் படித்தார். படித்து முடித்துவிட்டுத் தம்பியின் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினார்.

“எழுத்து இன்னும் கோழி கிறுக்கினாப்லதான்டா இருக்கு,” என்றார். அப்புறம் என்னிடம், “நிக்கறியே, போய் ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வா. காபி குடிக்காம ஒருத்தரும் போகக் கூடாது.”

பட்டுப் புடவையும் தலையில் பூவும் அழுத முகமுமாகத் தெருமுனைக் கடைக்கு ஓடினேன். இஸ்திரி அண்ணா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “இன்னா மா, பட்டுப் பொடவ கட்டிகினு பால் வாங்கப் போற?”

“உங்களுக்கும் பத்திரிகை வெக்கணும்ணா. நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றோம், ரெண்டு பேரும்.”

“தோ பார்றா,” என்றார். “நம்மள மறந்துட்டீங்கன்னு நெனச்சுகினு இருந்தேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்படியும் எனக்குச் சுருக்கென்றது.

அந்த அரை லிட்டர் பாக்கெட்டை நாத்தனார் முழுதாகக் கவிழ்த்துக் காய்ச்சினார். மூன்று பெரிய டம்ளர், அப்புறம் தம்பிக்கு இன்னொரு டம்ளர், எனக்கு இன்னொரு அரை. பாத்திரத்தில் ஒட்டிய ஆடையைக்கூட வழித்துத் தம்பியின் டம்ளரில் போட்டுவிட்டார். வெளியே வெயில் போய், கொசுவலை அடித்த ஜன்னலில் நீல நிறம் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையில் குடித்த அத்தனை காபியில், ருசி ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டாம் வரிசையில் ‘ஆ’ என்று அடித்தேன். பச்சையானது. ஏரியா கட்டம் இன்னும் காலியாக இருந்தது. சிட்லபாக்கம் என்று போடலாம்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘நாலு வீடு தள்ளி’ என்று அடித்தேன். இப்போதும் அந்த ஷீட்டில் ஃபில்டரைத் திறந்தால், கேளம்பாக்கம், சேலையூர், படப்பை எல்லாவற்றோடும் அப்படி ஓர் ஊர் இருக்கிறது. ஒரே ஒருவர் குடியிருக்கிற ஊர்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வாசல் மணி அடித்தது. நாத்தனார் நின்றிருந்தார், ஒரு கையில் வண்ணக் காகிதச் சுருள், மறு கையில் மூடி போட்ட கிண்ணம்.

“பால் மிஞ்சிடுச்சும்மா,” என்றார்.

நேற்று வாங்கிய பாக்கெட்டில் ஒரு சொட்டுகூட மிஞ்சவில்லை என்று எனக்குத் தெரியும். நாங்கள் கிளம்பின பிறகு அவர் மறுபடி கடைக்குப் போயிருக்க வேண்டும். நான் ஒன்றும் கேட்காமல் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.